எண் அச்சாகாத பிலிம்

35 மில்லிமீற்றர் பிலிமின் ஓரத்தில் எண் அச்சாகி வரும். கழுவி எடுத்தால் எது முதலாவது, எது இருபதாவது என்று பிலிமே சொல்லிவிடும். தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குல ஷீட் பிலிமில் அந்த வசதி கிடையாது. ஒரு மூலையில் சில வெட்டுகள் இருக்கும். பிலிம் எந்த வகை என்பதையும், இருட்டில் தடவும்போது ஒளி பதியும் மருந்துப் பக்கம் எது என்பதையும் அவை சொல்லும். தாளை நெட்டாகப் பிடித்து வெட்டுகளை வலது மேல் மூலைக்குக் கொண்டுவந்தால் மருந்துப் பக்கம் நம்மைப் பார்த்திருக்கும். படம் எங்கே, எப்போது எடுத்தது என்பதைப் பற்றி அந்த வெட்டுகளுக்கு ஒன்றும் தெரியாது. கமராவில் செருக அதைத் தாங்கும் ஹோல்டரை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொரு தாளும் அனாதைதான்.

வன்னிக் குளங்களையும் குளக்கட்டு மருதமரங்களையும் மடக்கு மரக் கமராவில் எடுத்துவருகிறேன். இந்த வேலையில் படம் எடுப்பது சிறு பங்கு. எடுத்ததைத் தேடி எடுக்கக்கூடியபடி வைத்திருப்பதுதான் பெரும் பங்கு. மாரி தொடங்குமுன் ஹோல்டர், களக் கொப்பி, வீட்டுக் கொப்பி, உறை, பெட்டி ஆகிய ஐந்தையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தேன். ஐந்தையும் கோத்திருப்பது ஒரே ஓர் எண். அதைத் தவிர மற்றதெல்லாம் ஆளுக்காள் மாறலாம்.

ஹோல்டரிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஹோல்டருக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு தாள். பிலிமை ஒளி படாமல் மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் உள்ளே எடுக்காத பிலிம். கறுப்புத் தெரிந்தால் எடுத்தாயிற்று. வெள்ளைப் பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் புள்ளிகள் இருப்பதால் இருட்டிலும் அறியலாம். இது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். இதை மாற்றப் போக வேண்டாம். நான் செய்தது, ஹோல்டர்களுக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்டு, பக்கங்களுக்கு அ, ஆ என்று எழுதி ஒட்டியது.

ஆனால் ஒட்டிய எண் ஹோல்டரில்தான் இருக்கும், தாளில் இராது. தட்டில் கழுவும்போது நான்கைந்து தாள்களை ஒன்றாகப் போட்டு, அடியிலிருப்பதை உருவி மேலே வைத்துப் புரட்டிக்கொண்டே இருக்கிறோம். விளக்கைப் போடும்போது எது 2ஆ, எது 4அ என்று எவருக்கும் தெரியாது. இதற்குப் பழைய ஆட்கள் கண்ட வழி அரம். ஹோல்டரின் அடியில், பிலிம் நுழைக்கும் பக்கத்தில், மடிந்து திறக்கும் ஒரு மடல் இருக்கிறது. அதன் விளிம்பு பிலிமின் ஓரத்தை ஒரு கோடளவுக்கு மூடி நிற்கும். அந்த விளிம்பில் சிறு முக்கோண அரத்தால் பல் வெட்டினால், படம் எடுக்கும்போது அதன் வழியே ஒளி புகுந்து, நெகட்டிவின் வெறும் ஓரத்தில் கறுத்த பொட்டாகப் பதியும்.

பன்னிரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு பல் வெட்டத் தேவையில்லை. விளிம்பில் நான்கு இடங்களைக் குறித்து, அவற்றுக்கு 1, 2, 4, 8 என்று பெறுமதி கொடுத்தேன். முதலாவதிலும் மூன்றாவதிலும் பல் இருந்தால் ஐந்து. மூன்றாவதிலும் நான்காவதிலும் இருந்தால் பன்னிரண்டு. நான்கு இடத்தை வைத்துப் பதினைந்து வரை எழுதலாம். வெட்டுமுன் டார்க் ஸ்லைடுகள் இரண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அரத்தை ஒரே திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் விளிம்பு பிசிறும். பல்லின் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். வெட்டிய இடம் பளபளப்பாக இருந்தால் மங்கிய கறுப்பு மையைத் தொட்டுவிடலாம். பிறகு தூரிகையும் ஊதியும் கொண்டு தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைக்க வேண்டும். ஹோல்டருக்குள் தங்கும் ஒரு துணிக்கை அச்சிட்ட ஒவ்வொரு வானத்திலும் கறுப்புப் புள்ளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு குறைபாடும் உண்டு. அந்த ஓரத்தில் காட்சி மிக இருண்டிருந்தால் பொட்டும் மங்கிவிடும். அப்போது ஒளிமேசையில் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

களக் கொப்பி சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய கொப்பி. பென்சில்தான், பேனை இல்லை. வன்னி வெயிலில் வியர்வையும், ஐப்பசியில் மழையும் பேனை மையைக் கரைத்துவிடும். பென்சில் எழுத்துக்கு இரண்டும் ஒன்றும் செய்வதில்லை. பென்சிலை நூலால் கொப்பியோடு கட்டியிருக்கிறேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே வருகிறவனுக்கு முதலில் தொலைவது பென்சில்.

எதை எழுதுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பெரும்பாலானவர்கள் லென்சின் துவார அளவும் (எஃப் எண்) விநாடியும் எழுதிவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியது திகதி. இதற்கு அமெரிக்க நிலக்காட்சிப் படக்காரர் அன்செல் அடம்சை விடச் சிறந்த சாட்சி இல்லை. நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேல் நிலவு எழும் அவருடைய புகழ்பெற்ற படத்தை எடுத்த போது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கண்டில் என்பது நினைவில் இருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டார். ஒளியூட்டல் எஃப் 32, ஒரு விநாடி. வடிகட்டி இன்னது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் எந்த ஆண்டில் எடுத்தது என்று கேட்டால் 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் வானியல் ஆட்கள்தான் நிலவு நின்ற இடத்தை வைத்து நாளைக் கண்டுபிடித்தார்கள். 1980இல் டேவிட் எல்மோர் 1941 ஒக்டோபர் 31 என்றார். 1991இல் டெனிஸ் டி சிக்கோ கணக்கைத் திருத்தி, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று நிறுவினார். நம்முடைய படங்களில் எப்போதும் நிலவு இருக்கப்போவதில்லை. இருந்தாலும் கணக்குப் பார்க்க ஒருவரும் வரப்போவதில்லை.

குளத்தைப் படமெடுக்கிறவனுக்குத் திகதி இரட்டிப்பு முக்கியம். ஆவணியில் அலைகரை வெடித்துக் கிடக்கும். அதே இடத்தில் மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும். திகதி இல்லாத குளப் படத்தில் எந்தக் குளம் என்பதைக்கூடச் சில சமயம் அடையாளம் காண முடியாது.

திகதிக்கு அடுத்தது இடம். ஊர்ப் பெயர் போதாது. இரணைமடு என்று மட்டும் எழுதினால் அந்தக் கட்டின் நீளத்துக்கு மறுபடி நடந்து தேட வேண்டும். துருசிலிருந்தா, வான் கதவிலிருந்தா, எத்தனை எட்டு, முகம் எந்தத் திசை என்று எழுதுகிறேன். திசைக்கு ஒரு சிறிய திசைகாட்டி. முக்காலியின் கால்கள் நின்ற இடம் கட்டின் மேலா, சரிவிலா, பாதையோரமா என்பதும் வேண்டும். இங்கே அது வெறும் ஒழுங்குக்காக மட்டும் அல்ல. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நின்ற நிலங்களில் துப்புரவான பாதை எது என்று தெரிந்த பிறகே கால் வைக்க வேண்டும். மறுமுறை போகும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

ஒரு பதிவைக் கொப்பியில் உள்ளபடியே தருகிறேன்:

25-047. 3அ. சனி, 9.8.2025, காலை 5.50. வவுனிக்குளம், கட்டின் மேல், துருசுப் பக்கம், முகம் தென்கிழக்கு. எஃப்பி4, 150 லென்ஸ், எஃப் 32. அளந்தது 4, கொடுத்தது 6. காற்று இல்லை. இடது ஓரக் கொக்கு அசைந்தது.

25 என்பது ஆண்டு, 047 அந்த ஆண்டின் தொடரெண். 3அ ஹோல்டர். எஃப்பி4 பிலிமின் பெயர், 150 லென்சின் குவியத் தூரம் மில்லிமீற்றரில், 4உம் 6உம் விநாடிகள். தொடரெண்ணைப் படம் எடுத்த இடத்திலேயே கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கொடுப்பதில்லை. கெட்டுப்போன தாளுக்கும் எண் உண்டு. கெட்டது என்று எழுதி எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். இடைவெளியை நிரப்பப் போனால் பிற்பாடு முழு வரிசையும் குழம்பும்.

காற்றுக்கு ஒரு பத்தி வைத்ததற்குக் காரணம் வவுனிக்குளத்துக் கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர். கமராவைக் காட்டிலும் கொப்பியில்தான் அவருக்கு அக்கறை. "தம்பி, வெயில் ஏறினால் சோளகம் எழும்பும். இலை ஒரு நிமிடம் நிற்காது. அதற்கு முன்னர் எடுத்து முடியும்" என்றார். அரை விநாடியும் ஆறு விநாடியும் திறந்து வைக்கிற கமராவுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் காற்று எப்படி என்று எழுதிவருகிறேன். எந்தக் குளத்தில் எந்த மாதம் எத்தனை மணி வரை இலை நிற்கும் என்பது மெல்ல மெல்லக் கொப்பியிலேயே சேர்ந்துவருகிறது.

மேலே அளந்தது 4, கொடுத்தது 6 என்று இருக்கிறதே, அது பிலிமின் குணம். ஒரு விநாடிக்கு மேல் போனால் பிலிம் சோம்பிவிடும்; ஒளிமானி சொல்வதை விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இல்போர்ட் நிறுவனம் எஃப்பி4 பிளசுக்கு 1.26, எச்பி5 பிளசுக்கு 1.31 என்று அடுக்கு எண்கள் தந்திருக்கிறது. அளந்த விநாடியை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் கொடுக்க வேண்டிய விநாடி வரும். எஃப்பி4இல் 4 விநாடி 6 ஆகும், 8 விநாடி 14 ஆகும், 15 விநாடி 30 ஆகும், 30 விநாடி 73 ஆகும். இந்தச் சிறு அட்டவணையைக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறேன். குளக்கட்டில் நின்று அடுக்குக் கணக்குப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொரு கணக்கு. பாலை மரப்பட்டையை நெருங்கி எடுக்கத் துருத்தியை நீட்டினால் ஒளி குறையும். லென்ஸ் பலகையிலிருந்து கமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடி வரை தையல்காரர் நாடாவால் அளக்கிறேன். 150 லென்சில் 210 வந்தால் 210ஐ 150ஆல் வகுத்து, வந்ததைத் தன்னால் பெருக்க வேண்டும், ஏறத்தாழ இரண்டு. அதாவது இரட்டிப்பு நேரம். துருத்தியின் நீளத்தையே எழுதிவைப்பேன். விடையை மட்டும் எழுதினால் பிழை எங்கே என்று பின்னர் பார்க்க வழி இல்லை.

கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் பதியலாமே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பதியலாம். நானும் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஹோல்டர் எண் தெரியும்படி, காட்சியைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்; நேரமும் இடமும் அதில் தானாக விழுந்துவிடும். ஆனால் அது துணைக்குத்தான். தவிர, குளக்கட்டில் கறுப்புத் துணிக்குள் நிற்பவனைக் கண்டு சீருடைக்காரர் ஒருவர் வந்து விசாரித்தால், தொலைபேசியைக் காட்டுவதை விடக் குளமும் திகதியும் வரிசையாக எழுதிய கொப்பியை நீட்டுவது விரைவில் காரியம் முடிக்கும்.

அன்றிரவே களக் கொப்பியிலிருந்து வீட்டுக் கொப்பிக்கு ஏற்றிவிட வேண்டும். வீட்டுக் கொப்பி தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. இடப்பக்கத்தில் களத்தில் எழுதியது. வலப்பக்கம் கழுவிய பிறகு எழுத வேண்டியது. டெவலப்பர், நேரம், தண்ணீரின் வெப்பம். வெப்பம் இங்கே சும்மா எழுதுகிற விடயம் அல்ல. பெட்டியில் அச்சிட்ட நேரமெல்லாம் 20 பாகைக்கு. நமது கிணற்றுத் தண்ணீரோ வெயில் காலத்தில் முப்பதை எட்டப் பார்க்கும். நேரத்தை அதற்கேற்ப வெட்டிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கி வானம் திட்டுத் திட்டாகக் கழுவப்படும். சூட்டில் மருந்தைத் தாங்கும் ஜெலற்றின் ஊதி மென்மையாகி, புரட்டும்போது நகம் பட்டாலே கீறும். ஆகையால் தட்டைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைத்துக் குளிர்த்துகிறேன். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கேத்திலுக்குள் படிகிற அதே வெண்படிவம் நெகட்டிவிலும் காயும். வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி, தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் போட்டோ-ஃப்ளோ சில துளி விட்டு, அதில் ஒரு நிமிடம் வைத்துத் தூக்குகிறேன். காயப்போடுவது குளியலறையில், நிலத்தை நனைத்துவிட்டு, இரவில். சோளகக் காலத்துச் செம்மண் தூசிக்கு வேறு மருந்து இல்லை.

காய்ந்த தாளின் ஓரத்துப் பொட்டுகளை எண்ணி, ஹோல்டரைக் கண்டு, கொப்பியைப் பார்த்து எண்ணைப் போடுகிறேன். மருந்தில்லாத பக்கத்தில், படத்துக்கு வெளியே உள்ள ஓரத்தில், இந்தியன் இங்க் பேனையால் 25-047. உறையின் மேல் எழுத வேண்டியதை நெகட்டிவை உள்ளே வைக்குமுன் எழுதிவிட வேண்டும். உள்ளே வைத்த பிறகு எழுதினால் பென்சிலின் அழுத்தம் ஜெலற்றினில் விழும்.

உறைதான் இங்கே கிடைக்காத சாமான். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலமோ வரவழைக்க வேண்டும். பொலிப்புரொப்பிலீன், பொலியெதிலீன், பொலியெஸ்டர் மூன்றும் நல்லவை. பிவிசி ஆகாது, காலப்போக்கில் அதிலிருந்து வெளிவரும் அமிலமும் எண்ணெய்ப்பசையும் நெகட்டிவைக் கெடுக்கும். புதிய அல்பத்தைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் பிளாஸ்ரிக் மணம் பெரும்பாலும் அதுதான். மணத்தை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. மின் வயரை உரித்துச் செம்புக் கம்பியை எடுத்து, குறட்டால் பிடித்து, காஸ் அடுப்புச் சுவாலையில் நிறம் இல்லாமல் போகும் வரை சுட வேண்டும். சூட்டோடு அந்த உறையின் ஒரு மூலையைத் தொட்டு, ஒட்டிய துளியோடு மறுபடி சுவாலையில் காட்டினால், பிவிசி என்றால் சுவாலை பச்சையாகும். வெளியில், காற்றோட்டத்தில் செய்ய வேண்டும், புகை நல்லதல்ல. பழைய ஸ்ரூடியோக்கள் பாவித்த மினுங்கும் கண்ணாடித்தாள் உறைகளும் எங்கள் மாரிக்கு ஒத்துவராது. ஈரத்தை உறிஞ்சி ஜெலற்றினோடு ஒட்டிக்கொண்டால் பிறகு உரித்தெடுப்பது பெரும்பாடு.

ஈரம்தான் முதல் எதிரி. கழுவிய பிலிமை நெடுங்காலம் வைத்திருக்க ஈரப்பதன் 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தர நியமம். மார்கழியில் என் அறையின் மானி எண்பதுக்குக் கீழே இறங்குவதே அரிது. அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூஞ்சணம் ஜெலற்றினைத் தின்னத் தொடங்கும். தின்ற இடம் சிலந்தி நூல் போல் படத்துக்குள் இறங்கிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. அறை முழுவதையும் உலர்த்த நம்மால் இயலாது. பெட்டிக்குள்ளே உலர்த்தலாம்.

இறப்பர் விளிம்பும் நான்கு பக்கக் கொளுவியும் உள்ள உணவுப் பெட்டிகள் போதும். உள்ளே உறைகளை நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பையும் சிறிய ஈரமானியும் போடுகிறேன். மலிவான ஈரமானிகள் பத்துப் பதினைந்து தப்பாகக் காட்டும். சரிபார்க்க உப்பு உதவும். போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறாகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு ஒரு பெட்டிக்குள் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் உள்ளே 75 சதவீதம் நிற்கும். மானி 69 காட்டினால் ஆறு குறைவு என்று அதன் முதுகில் எழுதிவைக்கலாம். இதற்குச் சுத்திகரித்த தூள் உப்பு வேண்டும். பக்கத்தில் ஆனையிறவு இருக்கிறதே என்று உப்பளத்துக் கல்லுப்பைப் போட்டால், அதிலுள்ள மக்னீசியம் அளவைக் கீழே இழுத்துவிடும். கறிக்கு ஆனையிறவு உப்பு, மானிக்குக் கடை உப்பு.

பெட்டியை எப்போது மூடுகிறோம் என்பது சிலிக்கா ஜெல்லை விட முக்கியம். மழைநாளில் மூடினால் மழையையும் சேர்த்துப் பூட்டுகிறோம். சோளகக் காலத்து மதியம், வெளியில் மானி ஐம்பதை ஒட்டி இறங்கும் நேரம் பார்த்து, உறைகளைச் சில மணி நேரம் நிழலில் விரித்துவிட்டு மூட வேண்டும். செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் பச்சையானால் கேக் சுடும் ஒவனில் 120 பாகையில் சில மணி நேரம் வைத்து மறுபடி செம்மஞ்சளாக்கலாம். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் சேர்ந்திருக்கிறது. வீட்டில் அதை வைத்துச் சுடாமல் இருப்பது நல்லது.

பெட்டிகளை வைக்கும் இடம் உட்சுவரோரம், நடுத்தட்டு. மேல்தட்டு ஆகாது, சீற்றுக் கூரையின் சூடு நேரே இறங்கும். நிலமும் ஆகாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் நின்ற உயரத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மர அலுமாரிக்குக் கறையான் வரும். ஆதலால் இரும்பு ராக்கை. வெள்ளிப்பூச்சிக்குப் பெட்டியின் இறப்பர் விளிம்பே காவல்.

இவ்வளவு செய்தும் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறது என்றால் வன்னியில் அது பாதுகாப்பு ஆகாது. இடப்பெயர்வுகளின்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் போட்டுக்கொண்டு போன எத்தனையோ குடும்பங்கள் அல்பத்தைத் தூக்க முடியாமல் விட்டுப் போனார்கள். 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கே எல்லா ஊரிலும் உண்டு. பாரத்தைத் தூக்க முடியாது, ஆனால் பிரதியை முன்கூட்டியே அனுப்பிவைக்கலாம். சீ.ஆர். கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து, நெகட்டிவ்களின் ஸ்கேனோடு ஒரே எண்ணில் கோப்பிட்டு, ஒரு வட்டு வவுனியாவில் அக்கா வீட்டில் இருக்கிறது. கொப்பியின் போட்டோப் பிரதியும் அங்கேதான். வட்டு திறக்காமல் போனாலும் காகிதம் திறக்கும்.

கொப்பியின் பின்பக்கத்தில் இடப்பெயர் அகரவரிசை ஒன்று இருக்கிறது: இரணைமடு, ஒட்டுசுட்டான், கனகராயன்குளம், முத்தையன்கட்டு என்று, ஒவ்வொன்றுக்கும் நேரே எண்கள். படம் கேட்டு வருகிறவர் எவரும் திகதியைச் சொல்லிக் கேட்பதில்லை. "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன், எங்கள் குளத்து மருதமரம் விழாமல் நின்றபோது எடுத்தீரே" என்றுதான் கேட்பார்கள். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில். இடப்பெயரும் மாதமும் சேர்ந்தால் எண் அகப்பட்டுவிடும்.

மிஞ்சியிருப்பது 120 என்ற அளவில் வரும் பழைய சுருள் பிலிம்கள். ஷீட் பிலிம் பொலியெஸ்டர்; அதன் அடித்தாளுக்கு ஆயுள் கெட்டி. 120 சுருள் அசற்றேற்றில் ஆனது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து வினாகிரி மணம் கிளம்பும், கிளம்பிய அமிலமே அழிவை மேலும் விரைவாக்கும், பக்கத்திலிருப்பதையும் தொற்றும். அதனால் இறுக மூடிய பெட்டிகளுக்குள் இவற்றைச் சேர்க்கவில்லை. மணம் வருகிறவற்றைப் பிரித்துக் காகித உறையில், காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில், வேறு அறையில் வைத்திருக்கிறேன். ஸ்கேன் வரிசையில் அவைதான் முதலில். ஷீட் பிலிம்கள் காத்திருக்கும்.